உள்ளங்கை வண்டிகள் – 9: மொட்டைக் கூரை போலீஸ் கார்

போலீஸ் கார் வரையச் சொன்னால் எந்தக் குழந்தையும் கூரையில் ஒரு விளக்கை வைத்துவிடும். பொம்மைக் கம்பெனிகளும் அப்படித்தான். லண்டனின் லெஸ்னி கம்பெனி 1963-இல் மேட்ச்பாக்ஸ் வரிசையில் 55-ஆம் எண்ணாக விட்ட ஃபோர்டு ஃபேர்லேன் போலீஸ் காருக்கு நீல உடம்பு, கூரை நடுவே ஒரு குமிழ் விளக்கு. விரல் நீளமே உள்ள வண்டியைப் போலீஸ் கார் என்று அடையாளம் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஆனால் பழைய போலீஸ் கார்களை அச்சு அசலாகச் செய்பவர்களிடம் போய் கலிபோர்னியா ஹைவே பேட்ரோல் என்று சொல்லிப் பாருங்கள். முதல் வேலையாக அந்தக் கூரை விளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நெடுஞ்சாலைகளைக் கவனிப்பதற்கென்று 1929-இல் உருவான அந்தப் படையின் ரோந்து கார்கள் பல பத்தாண்டுகள் மொட்டைக் கூரையோடுதான் ஓடின. முன்கண்ணாடித் தூணில், ஓட்டுநர் பக்கம், ஒரு ஸ்பாட்லைட். அதில் சிவப்புக் கண்ணாடி. முன்னால் ஆயிரம் அடி தூரத்துக்குத் தெரியும்படி, மினுக்காமல் நிலையாக எரியும் ஒரு சிவப்பு விளக்காவது வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அதை இந்த ஒற்றை விளக்கே நிறைவேற்றிவிடும். பின்கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் மினுக்கு விளக்கு. அவ்வளவுதான். வேகமாகப் போகிறவனைத் துரத்துவதே பிழைப்பாக உள்ள வண்டிக்குக் கூரைமேல் பெட்டி என்பது காற்றுக்குக் கொடுக்கும் கப்பம்.

அதே மாநிலத்தில், அதே கறுப்பு வெள்ளையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் கார்கள் கூரைமேல் விளக்கோடு திரிந்தன. 1968-இல் தொடங்கிய ‘ஆடம்-12’ தொலைக்காட்சித் தொடர் பார்த்தவர்களுக்கு அந்த பிளிமத் கார் நினைவிருக்கும். கடையில் வாங்கிய காரின் கதவில் எந்த ஸ்டிக்கரை ஒட்டினாலும் சரி என்று நினைப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நகரம் வேறு, நெடுஞ்சாலை வேறு.

இந்தக் கலையில் சேர்ப்பதைவிட நீக்குவதுதான் அதிகம். போலீஸ் கார் என்பது விசித்திரமான பிறவி. கம்பெனி விற்பதிலேயே மலிவான உடம்பு, பெரிய எஞ்சின். 1969 டாட்ஜ் போலாராவை எடுத்துக்கொள்வோம். ரோந்துக்குப் போன வண்டியில் 440 கன அங்குல எஞ்சின், 375 குதிரைத்திறன். கிரைஸ்லர் கம்பெனியின் சோதனைத் தடத்தில் மணிக்கு 147 மைல் தொட்டது. கிட்டத்தட்ட 237 கிலோமீட்டர். இவ்வளவும் நான்கு கதவு வைத்த ஒரு குடும்பக் காரில். அலங்காரப் பட்டைகள் கிடையாது. சக்கரத்தை முழுதாக மூடும் பளபள கப் கிடையாது. துரத்தலில் அது கழன்று பறக்கும். வெறும் இரும்புச் சக்கரம், நடுவில் சின்ன மூடி.

பிளாஸ்டிக் கிட்களின் உலகமோ நேர் எதிர். அமெரிக்கக் கிட்களின் வேர் கார் ஷோரூம்களில் இருக்கிறது. புது மாடல் வந்ததும் வாடிக்கையாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்க 1:25 அளவில் குட்டிக் கார்கள் செய்தார்கள், கம்பெனி வரைபடத்தைப் பார்த்து, கம்பெனி நிறத்திலேயே. 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. இதில் வளர்ந்ததுதான். ஆரம்ப காலத்து அசிடேட் பிளாஸ்டிக் கார்கள் வருஷம் போகப் போகச் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அப்படிக் கோணாமல் பிழைத்தவற்றுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி விலை. பிறகு அதே அச்சுகளிலிருந்து வீட்டில் ஒட்டும் கிட்கள் வந்தன. பையன்கள் கனவு கண்டது இரண்டு கதவு ஹார்டாப்பையும் கன்வெர்ட்டிபிளையும் என்பதால் அவையே குவிந்தன. அப்பா ஓட்டும் நான்கு கதவு செடானை யார் கேட்டார்கள்? அதனால் இன்று போலீஸ் கார் செய்கிறவருக்கு உடம்பே பிரச்சினை. யாரோ ஒருவர் தன் கொட்டகையில் ரெசினில் வார்த்து விற்கும் செடான் உடம்பை வாங்க வேண்டும். இல்லையேல் இரண்டு கிட்களை ரம்பத்தால் அறுத்து ஒன்றாக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கதவுக் கோடுகளைப் புதிதாகக் கீற வேண்டும்.

இதற்கெல்லாம் தலையாய சோதனை 1955 பியூக். அந்த வருடம் ஹைவே பேட்ரோல் பியூக் கம்பெனியிடம் ஒரு கலப்பு வண்டியைக் கேட்டு வாங்கியது. மலிவான ‘ஸ்பெஷல்’ வரிசையின் இலேசான இரண்டு கதவு செடான் உடம்பு. அதற்குள் ‘செஞ்சுரி’ வரிசையின் 322 கன அங்குல வி-8 எஞ்சின், 236 குதிரைத்திறன். இந்தச் சேர்க்கையைப் பியூக் பொதுமக்களுக்கு விற்கவே இல்லை. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஹைவே பேட்ரோல்’ தொலைக்காட்சித் தொடரில் பிராடரிக் கிராஃபோர்டு தொப்பியும் கோட்டுமாக இந்த ஜாதி வண்டியில் வந்து இறங்குவார். ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு ரோந்து கார் என்றாலே அதுதான்.

இதைச் சின்னதாகச் செய்ய உட்கார்ந்தால் சிக்கல் ஆரம்பம். எளிதாகக் கிடைக்கும் 1955 செஞ்சுரி மாடல்கள் ஹார்டாப். அதாவது பக்கவாட்டில் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூண் இல்லாத வகை. அதற்குக் கறுப்பு வெள்ளை அடித்து நட்சத்திரம் ஒட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியொரு கார் அந்தப் படையில் ரோந்து போனதில்லை. நடுத்தூண் வைக்க வேண்டும், ஜன்னல் சட்டம் கனமாக வேண்டும், கூரையின் வளைவே மாறும். பிறகு மட்கார்டு ஓட்டைகள். பியூக்கின் அடையாளமான அந்த வட்ட ஓட்டைகள் 1955-இல் ஸ்பெஷலுக்கு மூன்று, செஞ்சுரிக்கு நான்கு. கலப்பு வண்டி என்பதால் ஊகத்துக்கு இடமில்லை. பழைய புகைப்படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் துளைபோட வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் ஆளையே சாப்பிடும் இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை கலந்த மரியாதை உண்டு.

அளவு என்று வந்தால் கணக்கு எளிது, கை தான் கேட்காது. போலாராவின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 122 அங்குலம். 1:25-இல் அது 124 மில்லிமீட்டர். ஸ்பாட்லைட்டின் விட்டம் ஆறு அங்குலம் என்றால் மாடலில் ஆறு மில்லிமீட்டர். பட்டாணி அளவுகூட வராத அந்தக் குவளைக்குள் பளபளப்பும் வேண்டும், மேலே ஊடு தெரியும் சிவப்பும் வேண்டும். பெயிண்டிலோ கணக்கே நமக்கு எதிரி. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், நிஜக் காரில் இரண்டரை மில்லிமீட்டர் தடிப்புக்கு அடித்ததற்குச் சமம். கதவுக் கோடுகள் மூடிக்கொள்ளும். வெள்ளையை முதலில் அடித்து, டேப் ஒட்டி மறைத்து, கறுப்பைப் பிறகு அடிப்பார்கள். கறுப்பின்மேல் வெள்ளை எளிதில் மூடாது, பூச்சுமேல் பூச்சாகப் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்சநஞ்சம் மிஞ்சும் குரோம் ஓரங்களுக்குப் பெயிண்ட் உதவாது. மெல்லிய உலோகத்தாளை ஒட்டி, பிளேடு நுனியால் அறுத்து எடுப்பார்கள்.

கதவு நட்சத்திரம் தனிக் கதை. ஏழு முனை, பொன்னிறம். வீட்டுப் பிரிண்டரில் பொன்னிறமும் வராது, வெள்ளையும் வராது. அங்கே வெள்ளை என்பது காகிதத்தின் நிறம்தான், ஒட்டுப்படம் அச்சிடும் டிகால் தாளோ கண்ணாடிபோல ஊடு தெரியும். ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் வெள்ளையையும் உலோக நிறங்களையும் அச்சிடும் ரிப்பன் பிரிண்டர் ஒன்றை விற்றது. அலுவலகங்கள் அதை மறந்துவிட்டன. உற்பத்தி நின்ற பிறகும் மாடல்காரர்கள் அதைப் பழுது பார்த்துப் பார்த்து, ரிப்பனைப் பதுக்கி வைத்து ஓட்டினார்கள்.

இத்தனையும் சரியாக வந்தபின் நம்பர் பிளேட்டில் சண்டை மூளும். கலிபோர்னியாவில் 1963 முதல் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. 1969-இல் அது நீலப் பின்னணிக்கு மாறியது. 1969 போலாராவுக்கு எது? இரண்டில் எதைப் போட்டாலும் ‘எந்தப் புகைப்படத்தைப் பார்த்து?’ என்று ஒருவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ‘1969 போலாரா’ என்று பொதுவாக ஒன்றைச் செய்யவே முடியாது; இன்ன வண்டி, இன்ன மாதம் என்று முடிவு செய்துகொண்டால்தான் பிளேட், டயர், கதவின் எழுத்து எல்லாம் ஒரு வரிசைக்கு வரும்.

சேகரிப்பவர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்குப் பெட்டி திறக்காமல் இருக்க வேண்டும், கம்பெனி செய்த தவறும் அப்படியே இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் ‘கோட் 1’, கம்பெனி அனுமதியோடு வேறொருவர் மாற்றினால் ‘கோட் 2’, யாரையும் கேட்காமல் தன் மேசையில் மாற்றினால் ‘கோட் 3’ என்று அவர்கள் ஒரு சாதி அடுக்கே வைத்திருக்கிறார்கள். நான் கடைசி அடுக்கின் பக்கம். சென்ற வாரம் பார்த்த ரயில் மாடல்காரர்கள், அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற தங்கள் ஓ கேஜ் கணக்கால் கார்களுக்கும் 1:43 என்ற அளவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அளவில் வந்த போலீஸ் கார்களை வாங்கி, ரிவெட்டைத் துளைத்தெடுத்துப் பிரித்து, கூரை விளக்கைக் களைந்து, ஓட்டையை அடைத்து மறுபடி பூசுபவர்கள் உண்டு. விலை பாதியாகும். வண்டி சரியாகும்.

கடைசியாக ஒட்டுவது ஏரியல். ஹைவே பேட்ரோலின் ரேடியோ 42 மெகாஹெர்ட்ஸ் பக்கம், தாழ்ந்த அலைவரிசையில் பேசியது. மலையும் பாலைவனமுமான மாநிலத்தில் அது தூரம் போகும். அந்த அலைக்குக் கால் நீளம் என்றால் ஏரியல் சுமார் 1.8 மீட்டர், காரின் உயரத்தைவிட அதிகம். 1:25 மாடலில் அது ஏழு சென்டிமீட்டர் கம்பி. தடிமனாக வைத்தால் குச்சி நட்டதுபோல் இருக்கும், மெலிதாக வைத்தால் தூசி துடைக்கிற துணியோடு போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதை ஒட்டுவதில்லை. பின்பக்கத்தில் ஒரு மயிரிழை ஓட்டை போட்டு, கண்காட்சி மேசையில் வைத்தபிறகு செருகுவார்கள். கிளம்பும்போது உருவி, ஊசி டப்பாவில் போட்டுக்கொள்வார்கள்.

(தொடரும்)