ஐம்பதா, முப்பத்தஞ்சா? முதல்ல ஹாலை அளங்க ஸார்!

ஆபீஸில் யாராவது புதுசாகக் காமிரா வாங்கிவிட்டால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கும்பல் சூழ்ந்துகொள்ளும். "கூடவே வந்த லென்ஸை மூட்டை கட்டுப்பா. 50 மி.மீ. ப்ரைம் ஒண்ணு வாங்கிடு. சீப்பு!"

இந்த உபதேசம் எனக்கும் கிடைத்தது. மறுபேச்சுப் பேசாமல் வாங்கினேன். பலன்? என் பாட்டி இருக்கிற படத்தில் குழந்தை இல்லை. குழந்தை இருக்கிற படத்தில் பாட்டி இல்லை!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

மனைவியின் வளைகாப்பைக் காமிராவோடு வந்த 18-55 ஜூமில் எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சம். ஃபிளாஷ் போட்டால் முகமெல்லாம் மாவு பூசினாற்போல வெளுத்தது. போடாவிட்டால் வளையல் அடுக்கும் கைகள் எல்லாம் புகையாய்க் கலங்கின. லென்ஸ் மேல் குற்றமில்லை. முழுசாக ஜூம் செய்து 55-ல் நிறுத்தினால், அதன் கண் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். அவ்வளவு சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து சேர 1/15 விநாடி ஆனது. அதுவரை எந்த அத்தை கையை ஆட்டாமல் இருப்பார்?

ப்ரைம் என்றால் ஜூம் இல்லாத லென்ஸ். கிட்டே வேண்டுமா, நாம்தான் நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக எஃப் 1.8 வரை திறக்கும். வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு! 1/15 கேட்ட இடத்தில் 1/125 போதும். அப்போது கை நிற்கும், குழந்தையின் கொட்டாவி கூட நிற்கும்.

இதெல்லாம் சரிதான். ஆனால் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று வேறு வம்பு வந்தது. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தாள். தொட்டில் பக்கத்தில் நின்று ஆட்டினாள். எங்கள் ஹாலில் பீரோ, வந்தவர்கள் எல்லாம் போக நான் பின்வாங்க முடிந்தது ஏழடி. அந்த ஏழடியில் 50 மி.மீ. காட்டிய அகலம் சுமார் மூன்றேகால் அடி. பாட்டியைப் பிடித்தால் தொட்டில் கயிறுதான் தெரிந்தது. தொட்டிலைப் பிடித்தால் பாட்டியின் கை மட்டும். "ஏண்டா, சுவத்துக்குள்ளயே போயிடுவ போலிருக்கே" என்றாள் பாட்டி.

காரணம் இதுதான். நம்மில் பலர் வாங்கும் காமிராவில் சென்சார் சின்னது, ஏபிஎஸ்-சி என்பார்கள். காட்சியின் ஓரங்களை அது நறுக்கிவிடும். நிகானில் 1.5-ஆலும் கேனானில் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 என்பது 75, 80 போல நடந்துகொள்ளும். பிரெஞ்சு மேதை கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. ஒன்றை வைத்துக்கொண்டே உலகத்தைப் படம் பிடித்தார் என்று உதாரணம் காட்டுவார்கள். அவர் மாட்டியது 35 மி.மீ. ஃபிலிம் காமிராவில். அவருடைய ஐம்பது வேறு, நம் ஐம்பது வேறு! அவர் பார்த்த அகலம் சின்ன சென்சாரில் வேண்டுமானால் 35 மி.மீ. வாங்க வேண்டும். அதே ஏழடியில் அது நாலேமுக்கால் அடி காட்டும். பாட்டியும் தொட்டிலும் தாராளமாக அடங்கியிருப்பார்கள்.

அதனால் பர்ஸைத் திறக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். காசு செலவில்லை. உங்கள் ஜூமை 35-ல் நிறுத்தி, அசையாமல் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் வீடு, ஆபீஸ், டீக்கடை எல்லாம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50. எதில் அடிக்கடி சுவரில் முட்டிக்கொள்கிறீர்கள் என்று முதுகே சொல்லிவிடும்!

நிகான் டிஎக்ஸ் காமிராக்காரர்களுக்கு 2009-ல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது, 200 கிராம்தான். கேனான் சின்ன சென்சாருக்கு 2014-ல் வந்த 24 மி.மீ. எஃப் 2.8, பிஸ்கட் மாதிரி தட்டை. வெளிச்சம் எஃப் 1.8-ல் பாதிகூட இல்லை. ஆனால் ஹால் முழுக்க விழும். முழு ஃபிரேம் காமிரா என்றால் கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்கலாம். கேனானின் 2015 மாடல் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம். அதன் முந்தைய மாடலுக்கு மாட்டும் வளையமே பிளாஸ்டிக், இதில் உலோகம்.

செகண்ட் ஹாண்டில் வாங்குகிறீர்களா? லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நிகான் டி3500, டி5600 மாதிரி காமிராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய 'டி' வகை லென்ஸ் மலிவாய்க் கிடைக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும்.

வாங்கிய ஜோரில் எல்லாவற்றையும் எஃப் 1.8-லேயே எடுக்காதீர்கள். 50-ல் மூன்றடி தூரத்து முகத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். கண் தெளியும், காது கரையும். இரண்டு பேர் நின்றால் 2.8, 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதை நான் விற்கவில்லை. ஒற்றை முகத்துக்கு அது ராஜா. அன்றைக்குப் பாட்டி தனியாகச் சிரித்த படம் பிரமாதமாய் வந்திருந்தது. அடுத்த தையில் பாட்டி போய்விட்டாள். மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.

பாட்டியும் என் மகளும் சேர்ந்து இருப்பது ஒரே ஒரு படத்தில். பக்கத்து வீட்டுப் பையன் மொபைலில் எடுத்தது. கொஞ்சம் கலங்கல்தான். மகள் அதைத்தான் தினம் கேட்கிறாள்.