குடிக்கும் தண்ணீரில் அல்ல, மூக்கில் ஏறும் தண்ணீரில்

கேரளத்தில் ‘மூளை தின்னும் அமீபா’ பிள்ளைகளைக் கொல்கின்றதாம் என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றத் தொடங்கியதிலிருந்து, நான் போகின்ற மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரே கேள்விதான். “மிஸ், நாங்கள் கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறம், எங்களுக்கும் வருமோ?” கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு மீள்குடியேறிய ஒரு தாய், பிள்ளைகளைக் குளிக்கவே விடாமல் வைத்திருந்தார். நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. ஆனாலும் தேடி வாசித்து விளங்கிக்கொண்டதை எழுதுகின்றேன்.

முதலில் ஆறுதலான செய்தி. இந்த அமீபா உள்ள தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் மாட்டாது. ஆகவே இந்நோயால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டை ஒதுக்கி வைப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது. எத்தனையோ கோடிப் பேர் குளங்களிலும் ஆறுகளிலும் குளிக்க, மிகச் சிலருக்கே இது வருகின்றது.

இதன் பெயர் நெக்லேரியா பௌலரி. நுணுக்குக்காட்டியில் மட்டுமே தெரியும் ஒற்றைக்கல உயிர். மனிதர் இல்லாமலே வாழக்கூடியது. சேற்றிலும் நன்னீரிலும் பற்றீரியாக்களைத் தின்று பெருகுகின்றது. கடல்நீரில் வாழ்வதில்லை. நல்ல சூடுதான் அதற்கு விருப்பம். 46 பாகை செல்சியஸ் வரை தாங்கும். எனவே வெயில் காலத்தில் வற்றிச் சூடேறிய குளமும் கலங்கிய சேறும் அதற்குத் தோதானவை.

குதிக்கும்போதோ முழுகும்போதோ தண்ணீர் மூக்கினுள் வேகமாக ஏறினால் அமீபாவும் கூடவே போகின்றது. மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் நரம்புகள் இருக்கின்றன. அவை அரிதட்டுப் போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக நேரே மூளைக்குச் செல்கின்றன. அதே பாதையால் அமீபாவும் ஏறிவிடுகின்றது. அங்கே அதற்கு உணவு மூளையின் கலங்கள். அதை எதிர்க்க எமது உடல் அனுப்பும் படையினால் ஏற்படும் வீக்கமும் சேர்ந்து மூளையை நெருக்குகின்றது.

இதை முதலில் கண்டறிந்து எழுதியவர்கள் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து மருத்துவர்கள் மல்கம் பௌலரும் றொட்னி கார்ட்டரும், ஆண்டு 1965. அமீபாவின் பெயரில் பௌலர் இருப்பது அதனால்தான். அந்நாட்டின் தென் மாநிலத்தில் வறண்ட ஊர்களுக்கு நெடுந்தூரத்திலிருந்து தண்ணீர் வந்த குழாய்கள் நிலத்தின் மேலாகவே போடப்பட்டிருந்தன. வெயிலில் குழாய் சுட்டது, உள்ளே தண்ணீரும் சுட்டது, போகும் வழியில் குளோரீனும் இல்லாமற் போனது. குழாயின் கடைசி நுனிவரை போதிய குளோரீன் இருக்கும்படி பார்த்துக்கொண்ட பின்னர் மரணங்கள் நின்றன.

இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தவை எமது வீடுகளிலுள்ள கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள்தான். மூடியில்லாமல், அடியில் சேறு படிந்து, பகல் முழுவதும் வெயிலில் காய்கின்ற தாங்கிகள் எத்தனை! முகாம்களில் பவுசருக்கு வரிசையில் நின்ற எமக்குக் கிடைத்த தண்ணீரே பெரிது. அதன் சூட்டை யார் பார்த்தார்கள்? இப்போது பார்க்கலாம். தாங்கியை மூடி வையுங்கள். சேற்றைக் கழுவுங்கள். கிணற்றுக்கும் தாங்கிக்கும் எவ்வளவு குளோரீன் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குழாயில் முதலில் வரும் சூட்டுத் தண்ணீரைப் பயிருக்கு விடுங்கள்.

பாகிஸ்தானின் கராச்சியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் 13 பேருக்கு இந்நோய் வந்ததாக அங்குள்ள மருத்துவர்கள் எழுதினர். அவர்களில் பெரும்பாலோர் நீந்தப் போனவர்கள் அல்லர். வுழூச் செய்கையில் குழாய்த் தண்ணீரை மூக்கினுள் செலுத்தியதே வழியாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. எனவே வுழூவுக்கோ, பீனிசத்துக்காக மூக்குக் கழுவுவதற்கோ கொதித்து ஆறிய நீரை எடுப்பது நல்லது. பிள்ளைகள் குளத்தில் குளிக்கட்டும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகவும், அடிச்சேற்றைக் கிளறாமல் இருக்கவும் பழக்குங்கள்.

நோய் வந்தால் நேரம் மிகக் குறைவு. தண்ணீர் ஏறி 1 முதல் 12 நாட்களுக்குள் கடும் தலையிடி, காய்ச்சல், வாந்தி தொடங்கும். பின் கழுத்து விறைக்கும், பேச்சுத் தடுமாறும், வலிப்பு வரும். சாதாரண மூளைக்காய்ச்சல் போலவே தோன்றுவதால் வைத்தியரும் அமீபாவை உடனே நினைக்கமாட்டார். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேருக்கு வந்ததில் 4 பேர்தான் தப்பினர்.

கேரளத்தில் 2024 இல் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் தப்பினான். வேறொரு நோயைப் பற்றிச் சமூக ஊடகத்தில் வாசிக்கும்போது இந்த அமீபாவைப் பற்றியும் தற்செயலாக அறிந்திருந்த தந்தை, மகன் குளத்தில் குளித்ததை வைத்தியர்களிடம் சொன்னார். முள்ளந்தண்டு நீரை உடனே சோதித்து, மில்டெபோசின் உட்படப் பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தனர். “இரண்டு நாளாகக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது எமது பெண்களின் வழக்கம். வெள்ளை உடுப்பைக் கண்டாலே வாய் மூடிவிடும். எங்கே, எப்போது குளித்தான் என்பதைத் தாதி கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வயல் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இன்னொன்று. அகந்தமீபா என்ற வேறோர் அமீபா கண்ணைத் தாக்கும். நெற்சுணையோ வைக்கோல் துரும்போ கண்ணில் பட்டுக் கீறினால், அந்தக் கீறலில் அது ஒட்டிக்கொள்ளும். வாய்க்கால் தண்ணீரால் கண்ணைக் கழுவுவது அதற்கு வழிவிடும். தாங்கமுடியாத நோவு, வெளிச்சத்தில் கூச்சம், கண்மணிக்கு மேல் வெள்ளைப் படலம் ஆகியன அறிகுறிகள். முலைப்பாலோ இலைச்சாறோ விடவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில துளிமருந்துகள் நோயை இன்னும் முற்றவைக்கும். மாதக்கணக்கில் மருந்து விடவேண்டிய நோய் இது. பிந்தினால் பார்வை போய்விடும். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு போத்தலில் வயலுக்குக் கொண்டுபோங்கள். கண் நொந்தால் அடுத்த நாளே கண் கிளினிக்குக்குப் போய், என்ன பட்டது, எந்தத் தண்ணீரால் கழுவினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.