உங்களுக்குத் தெரியுமா? வேலூர் அளந்து வைத்த குழந்தைகள்

1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் பக்கத்துக் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் எடையும் நீளமும் பிறந்த கையோடு குறித்து வைக்கப்பட்டன. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) செய்த வேலை. பள்ளிப் பருவத்தில் மறுபடி அளந்தார்கள். வளரிளம் பருவத்தில் இன்னொரு முறை.

அந்தக் குழந்தைகளில் 2,200-க்கும் மேற்பட்டோரை 26 முதல் 32 வயதுக்குள் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்துச் சோதித்ததுதான் பெரிய காரியம். சிறு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு உடம்பு போட்டவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தெரிந்தது. டெல்லியில் நடந்த இதேபோன்ற ஆய்வும் 2004இல் அதையே சொன்னது. “சின்னதில் ஈர்க்குச்சி மாதிரி இருந்தான், இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறான்” என்று வீட்டில் பூரிப்பது இந்த ஆளைத்தான்!

உடம்பு எவ்வளவு போட்டது என்பதோடு எங்கே போட்டது என்பதும் முக்கியம். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே இதயம், சர்க்கரை இரண்டுக்கும் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம், ஆம்பூர் பிரியாணி வளர்த்த தொப்பைக்குக் கீழே பெல்ட் நழுவிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும்.