பேத்தியின் நோட்டும் பவணந்தியார் சூத்திரமும்

மும்பையில் நாற்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு மொழி ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலையைக் கொடுத்தது என் பேத்தியின் பள்ளிக்கூடம். "இந்தியில் இவ்வளவு தப்பு வருது, வீட்டில் தமிழ் எழுதச் சொல்லித் தருவதை நிறுத்துங்க" என்று சொல்லியனுப்பினார்கள். மகனும் மருமகளும் நிறுத்திவிடலாம்னு முடிவே பண்ணிவிட்டார்கள். நான் இரண்டு நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தி நோட்டில் 'கானா' என்ற சொல். பாட்டுக்கும் அதே எழுத்து, சாப்பாட்டுக்கும் அதே எழுத்து. இந்தியில் ஒன்றுக்கு மூன்றாம் க, மற்றதற்கு இரண்டாம் க வரவேண்டும். குழந்தை எழுதியதோ முதல் க. அதற்கு இந்தியில் ஒற்றைக்கண்ணன் என்று பொருள்! சிரிப்புத்தான் வந்தது. ஆனால், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் சொன்ன விதியும் இதுதானே? வடசொல் தமிழாகும்போது ஐந்து வருக்கத்திலும் நடுவில் உள்ள மூன்றெழுத்தும் அந்தந்த முதலெழுத்தாக மாறும் என்கிறார். அந்த விதியைப் படிக்காமலே குழந்தை கடைப்பிடித்திருக்கிறது.

அடுத்து 'மேரா கிதாப்'. 'மேரீ' என்றிருக்க வேண்டும். இந்தியில் புத்தகம் பெண்பால். நமக்கோ அது அஃறிணை. புத்தகத்திற்கு ஆண் பெண் ஏதுங்க?

தமிழ் நோட்டில் கதை தலைகீழ். 'கொடு' என்பது 'கோடு' ஆகியிருக்கிறது. தேவநாகரியில் எகர ஒகரக் குறில்களுக்குத் தனியெழுத்து வழக்கத்தில் இல்லை. 'நேற்று வந்த பையன்' என்று எழுதாமல், 'எந்தப் பையன் நேற்று வந்தானோ அந்தப் பையன்' என்று இந்தி நடையில் எழுதியிருக்கிறாள். ஆனால் லகர ளகரம் அநேகமாகச் சரி. மராட்டியில் ளகரத்திற்கு எழுத்து உண்டல்லவா, அது கைகொடுத்திருக்கிறது. ழகரம் அங்கே இல்லை. ஆகவே பழம் 'பளம்' ஆகிவிட்டது.

ஆக, ஒரு மொழி இன்னொன்றைக் கெடுக்கவும் செய்கிறது, தூக்கிவிடவும் செய்கிறது. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1981இல் எழுதியது இதற்குப் பொருந்தும். எழுத்து, உச்சரிப்பு, இலக்கணம் மேலே தெரிகிறவை; அவை மொழிக்கு மொழி வேறு. எண்ணத்தை வரிசைப்படுத்துவது, காரணம் சொல்வது எல்லாம் அடியில் பொதுவாக இருப்பவை. ஒரு மொழியில் பழகியது மற்றதற்கும் போய்ச் சேரும், ஆனால் அந்த மற்ற மொழியும் போதிய அளவு காதில் விழ வேண்டும், கற்கும் ஆசையும் வேண்டும் என்கிறார். என் அனுபவமும் அதுதான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ஆனால் பாக்கி கேட்டு ஒழுங்காகக் கடிதம் எழுதத் தமிழில் தெரியும். இந்தியில் சொற்களைத்தான் கற்க வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று வழங்கும் இரட்டை வழக்கைப் பற்றி ஃபெர்குசன் 1959இல் எழுதினார். ஊரில் வளரும் பிள்ளை பஸ் பலகை, சுவரொட்டி, செய்தி என்று நாள் முழுக்க எழுத்துத் தமிழைப் பார்க்கிறது, கேட்கிறது. இங்கே அது பாடப்புத்தகத்தில் மட்டும். அதனால் எழுத்துத் தமிழே இவர்களுக்கு இரண்டாம் மொழி மாதிரிதான். 'அவங்க வந்தாங்க' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தால், அது பேசத் தெரிந்த ஒரே தமிழையும் அடித்ததாகிறது. முதலில் பேசுகிறபடி எழுதட்டும். பிறகு 'அவர்கள் வந்தார்கள்' என்று மாற்றச் சொல்லலாம். ஒரு தடவைக்கு ஒரு வகைத் தப்பை மட்டும் காட்டினால் போதும். இந்திக்கும் இதே வைத்தியம்தான்: நாலு க-வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உரக்கச் சொல்ல வைத்தேன்.

மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். "பரீட்சை வரைக்கும் பார்ப்போம்ப்பா" என்றான். அந்த வாரமே பேத்தி ஊரில் உள்ள கொள்ளுப்பாட்டிக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதினாள். 'பளம்' அப்படியே இருந்தது. திருத்தாமல் தபாலில் போட்டேன்.