இனிப்புச் செர்ரி: பழுக்கும் காலமும் பழத்தின் தரமும்

இனிப்புச் செர்ரி குளிர்தேசத்து மரம். குளிர்காலத்தில் பல வாரங்கள் உறங்கி எழுந்தாலன்றி அது செவ்வனே பூப்பதில்லை. நம் நாட்டில் காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் அது பயிராகிறது. துருக்கி, அமெரிக்கா, சிலி முதலிய தேசங்களில் பெருமளவில் விளைகிறது. நம் வட்டாரங்களில் விளையாத பழத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. விதையிலிருந்து எழுந்த கன்று என்ன பழம் தரும் என்பதைப் பல்லாண்டு காத்திருந்தே அறியவேண்டிய இடர், பழமரங்கள் அனைத்துக்கும் பொதுவானது. செர்ரி ஆராய்ச்சியாளர் அவ்விடரைப் பெரிதும் குறைத்துள்ளனர்.

மாங்காயையும் வாழைத்தாரையும் முற்றிய நிலையில் இறக்கிப் பழுக்க வைக்கிறோம். செர்ரிக்கு அது செல்லாது. பறித்தபின் அதன் இனிப்பு ஏறுவதில்லையாதலால், மரத்திலேயே நன்கு நிறம் ஏறி இனித்த பின்னரே கொய்தல் வேண்டும். அக்கடைசி நாட்களில் மழை பெய்தால் பழம் நீரை ஏற்று வெடித்துவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தோட்டக்காரர்கள், மழை விட்டவுடன் ஹெலிகாப்டரை மரங்களின் மேல் தாழப் பறக்கவிட்டுப் பழங்களை உலர்த்துவதுண்டு. அதற்காகும் செலவை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்! மேலும், பருவத்தின் தொடக்கத்தில் சந்தைக்கு வரும் பழத்துக்கே நல்ல விலை. எனவே ஒரு ரகம் எப்போது பழுக்கிறது என்பது குடியானவரின் அவ்வாண்டு வரும்படியையே நிர்ணயிக்க வல்லது.

செர்ரியின் உயிரணுவில் குரோமோசோம் எனப்படும் நுண்ணிழைகள் 8 ஜோடிகள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய்மரத்தினின்றும் மற்றொன்று தந்தைமரத்தினின்றும் வருவது. மரத்தின் குணங்களை ஆளும் மரபணுக்கள் இவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. பெற்றோரில் வெளிப்படாத குணம் பிள்ளையில் தோன்றுவதும் இதனாலேயே. 1952-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பிராஸர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெரால்ட் ஃபோகிள், 'பிங்', 'வான்' என்னும் இரு கருஞ்சிவப்பு ரகங்களை இணைத்தார். அக்கலப்பில் பிறந்ததோ மஞ்சள் தோலில் செம்மை படர்ந்த 'ரெய்னியர்'! பழத்தின் நிறத்தை முக்கியமாக ஆளும் மரபணு 3-ஆம் குரோமோசோமில் இருப்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

பழத்தின் பருமன் பற்றிய ஆராய்ச்சியும் சுவையானது. காட்டுச் செர்ரி 2 கிராம் அளவே இருக்கும்; இக்காலத்துச் சிறந்த ரகங்கள் 10 கிராமுக்கு மேலும் நிறை தரும். சதையிலுள்ள உயிரணுக்கள் பெருத்ததால் அன்று, அவற்றின் எண்ணிக்கை மிகுந்ததாலேயே இவ்வேறுபாடு பெரும்பாலும் உண்டாகிறது. நீரும் எருவும் கவாத்தும் உள்ள உயிரணுக்களைப் பெருக்கச் செய்யும். அதற்கு மேல் வேண்டுமாயின் ரகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி, பழுக்கும் காலத்துக்கு வருவோம். பிரான்சில் பொர்தோ ஆராய்ச்சி நிலையத்தார் 'ரெஜினா' என்னும் ரகத்தை 'கார்னெட்', 'லாப்பின்ஸ்' என்னும் ரகங்களோடு தனித்தனியே இணைத்துக் கன்றுகள் வளர்த்தனர். ஒவ்வொரு மரமும் பூத்த நாளையும் பழுத்த நாளையும் ஆண்டுதோறும் குறித்து, அவற்றைக் குரோமோசோம்களோடு ஒப்பிட்டனர். பழுக்கும் நாளைப் பெரிதும் ஆளும் பகுதி 4-ஆம் குரோமோசோமில் இருப்பது புலப்பட்டது. செர்ரியின் உறவான பீச் மரத்திலும் அதே குரோமோசோமிலேயே அப்பகுதி உள்ளது. பின்னர், 2020-ல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சி ஒன்று, பழத்தின் உறுதியும் இனிப்பும்கூட அப்பகுதியோடு தொடர்புடையன எனக் காட்டியது.

சிக்கல் இங்கேதான் உள்ளது. முன்னதாகப் பழுக்கும் ரகங்கள் பெரும்பாலும் மென்மையாகவும் இனிப்புக் குறைந்தும் இருக்கின்றன. 'பர்லா' என்னும் பிரெஞ்சு ரகம் இதற்குத் தக்க சான்று. நல்ல விலை கிடைக்கும் வேளையில் பழுத்தாலும், தொலைதூரச் சந்தைக்குச் செல்லுமுன் நசுங்கும் பழத்தால் பயன் என்ன? முன்பழுத்தலையும் உறுதியையும் ஒரே மரத்தில் சேர்ப்பதே ஆராய்ச்சியாளரின் குறிக்கோள். அத்தகைய கன்று அரிதாகவே தோன்றுமாகையால், மிகப் பல கன்றுகளைச் சோதித்தாக வேண்டும்.

முற்காலத்தில் அத்தனை கன்றுகளையும் நிலத்தில் நட்டு, 3 முதல் 5 ஆண்டுகள் காத்திருந்து, பழம் கண்ட பின்னரே தள்ளுவதைத் தள்ளினர். இப்போது நாற்றங்கால் நிலையிலேயே கன்றின் ஓர் இலைத்துணுக்கைச் சோதித்து, சிறுபழம் தரக்கூடியவற்றையும், தன் மகரந்தத்தால் தானே காய்க்கும் திறனற்றவற்றையும் கழித்துவிட முடிகிறது. அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய 'ராஸ்பிரீட்' திட்டம் இம்முறையைப் பரப்பியது. நிலம், நீர், ஆள் கூலி ஆகியன இதனால் மீதமாகின்றன.

எனினும், இலைச்சோதனையில் தேறிய கன்று உடனே குடியானவர் கைக்கு வருவதில்லை. அதனை வேர்க்கன்றில் ஒட்டி, பல இடங்களில் நட்டு, மழையில் வெடிக்கிறதா, மூட்டையாகவும் பெட்டியாகவும் செல்லும் பயணத்தைத் தாங்குகிறதா, தின்பவர் விரும்புகின்றனரா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பின்னரே புதிய ரகமாக வெளியிடுகின்றனர்.