கை தேய்ப்பதா, மோட்டார் தேய்ப்பதா?

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவுபோல ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிய படலம் அது. பல் மருத்துவர்கள் 'பிளேக்' என்பார்கள். வாய் கொப்பளித்தால் போகாது. விட்டுவைத்தால் எச்சிலில் இருக்கும் கால்சியம் ஏறிச் சில நாட்களில் காரையாகிவிடும். அப்புறம் எந்த பிரஷுக்கும் அசையாது, கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான்.

முப்பது ரூபாய் பிரஷ், மூவாயிரம் ரூபாய் மின்சார பிரஷ் இரண்டில் இந்தப் படலத்தை நன்றாக வழிப்பது எது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, 56 ஆய்வுகளை வைத்து 2014இல் ஒரு பதில் சொன்னது. மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், மின்சார பிரஷ் பிளேக்கை 21 சதவீதமும் ஈறு வீக்கத்தை 11 சதவீதமும் கூடுதலாகக் குறைத்திருந்தது. வெற்றிதான். ஆனால் இந்தக் குறைவால் சொத்தை எவ்வளவு குறையும், எத்தனை பல் தப்பும் என்பதற்கு அந்த அலசலில் விடை இல்லை. விளம்பரங்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகின்றன.

மோட்டாரின் பலம் வேகம் மட்டுமல்ல. பல மாடல்களில் இரண்டு நிமிட டைமர் உண்டு. 30 நொடிக்கு ஒருமுறை அதிர்ந்து, அடுத்த பக்கம் போகச் சொல்லும். அழுத்தினால் எச்சரிக்கும் சென்சாரும் சிலவற்றில் உண்டு. நம்மில் பலருக்கு வேண்டியது அதுதான். பாத்திரம் தேய்ப்பதுபோலக் குறுக்கே அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, கோரைப்பல்லின் கழுத்தில் 'வி' வடிவப் பள்ளம் விழுந்தவர்கள் ஏராளம். ஜில்லென்று தண்ணீர் பட்டால் சுளீரென்று வலிக்கும். தலை சுழலும் மின்சார பிரஷை வாங்கியும் அதே பழக்கத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் பயனில்லை. ஒவ்வொரு பல்லிலும் ஈறோரமாக ஓரிரு நொடி வைத்துவிட்டு நகர்த்தினால் போதும்.

சாதா பிரஷ் என்றால் மென்மையான நார் உள்ளதாக வாங்கி, ஈறைப் பார்த்து 45 டிகிரி சாய்த்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிறவர் மூவாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் கட்சி. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், பக்கவாதத்தில் ஒரு கை ஓய்ந்தவர், பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகள் ஆகியோருக்கு மின்சார பிரஷ் ஆடம்பரமல்ல. 1954இல் சுவிட்சர்லாந்தில் வந்த 'பிராக்சோடென்ட்' என்ற மின்சார பிரஷ் இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் உருவானது. மாற்றுத் தலையின் விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று தேவைப்படும்.