மேகக் கணிமையும் கட்டற்ற மென்பொருள் உரிமையும்

ஆய்வாளர் பலர் இன்று தம் கட்டுரைகளை இணையச் சேவைகளிலேயே எழுதிச் சேமிக்கின்றனர். இம்மேகக் கணிமைச் சூழலில் கட்டற்ற மென்பொருள் தரும் உரிமை எந்த அளவிற்கு நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், மூல நிரலை ஆராய்ந்து மாற்றுதல், படிகளைப் பிறர்க்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கும் பயனரின் உரிமைகள் என்பதே இதன் அடிப்படைக் கொள்கையாகும். எனவே, ‘கட்டற்ற’ என்பது விலையின்மையைக் குறிப்பதன்று.

இவ்வுரிமைகளைக் காக்கும் குனூ பொது உரிமம் 1989இல் வெளிவந்தது. மென்பொருளின் படியை அளிப்பவர் மூல நிரலையும் அளித்தல் வேண்டும் என்பது அதன் விதி. மேகக் கணிமையிலோ நிரல் நிறுவனத்தின் சேவையகத்திலேயே இயங்குகிறது. பயனருக்குப் படி எதுவும் வழங்கப்படுவதில்லை. ஆகவே, கட்டற்ற நிரலை மாற்றியமைத்து இணையச் சேவையாக நடத்தும் நிறுவனம் அம்மாற்றங்களை வெளியிட இவ்விதியால் கடமைப்படுவதில்லை. இக்குறையைக் களையும் பொருட்டே 2007 நவம்பரில் குனூ அஃபெரோ பொது உரிமம் வெளியிடப்பட்டது. மாற்றிய நிரலை வலையமைப்பின் வழிப் பயன்படுத்துவோர்க்கும் மூல நிரலைப் பெறும் வாய்ப்பை அளித்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது.

எனினும், உரிமம் நிரலைப் பற்றியதே. சேவையகத்திலுள்ள தரவுக்கு அது பாதுகாப்பு அளிப்பதில்லை. சேவை நிறுத்தப்படின் பல்லாண்டு உழைப்பும் இழக்கப்படலாம். ஆதலின், ஆய்வேட்டின் படியொன்றை, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்றதும் லிப்ரே ஆபிஸ் இயல்பாகக் கையாள்வதுமான திறந்த ஆவண வடிவத்தில் தம் கணினியிலும் வைத்திருத்தல் ஆய்வாளர்க்கு இன்றியமையாததாகும்.